ஒலிவாங்கியின் மறதி

ஒலியளவு என்னும் எண்ணைப் பல யூஎஸ்பி ஒலிவாங்கிகள் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை என்பதையும், அதை நினைவில் கொள்ளும் பொறுப்பு கணினியின் இயங்குதளத்துக்கே உரியது என்பதையும் அறியாதோர், அமைத்துவைத்த அளவு மாறிப்போனதும் கருவியை முதலில் சபிக்கின்றனர். விண்டோஸ், ஒரு கருவியை அதன் தயாரிப்பாளர் எண், பொருள் எண், தொடர் எண் ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காண்கிறது. மலிவுக் கருவிகள் பலவற்றில் தொடர் எண்ணே இருப்பதில்லை ஆதலால், செருகிய துளையையே அதன் முகவரியாகக் கொள்ளும் இயங்குதளம், துளை மாறியதும் நேற்றுவரை பழகிய கருவியை முன்பின் பார்த்திராததாகக் கருதித் தொடக்க அளவையே மீண்டும் வழங்குகிறது. துளைக்கு ஒரு காகிதத் துண்டில் பெயரெழுதி ஒட்டிவைப்பதே இதற்கான உயர்தொழில்நுட்பத் தீர்வு.

துளை மாறாமலே அளவு மாறினால், ஐயம் செயலிகள்மீது திரும்ப வேண்டும். பேச்சு மெலிந்தால் ஏற்றியும் உரத்தால் இறக்கியும் அளவைத் தானே திருத்தும் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு, காணொளிக் கூட்டச் செயலிகள் பலவற்றில் யாரும் கேளாமலே இயங்கிக்கொண்டிருக்கிறது. எவரேனும் பலமாக இருமினால் அளவைத் தாழ்த்தும் அது, கூட்டம் முடிந்தபின் பழைய அளவுக்கு மீட்டுவைக்கும் மரியாதையைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. செயலியின் ஒலி அமைப்பில் அதை அணைத்துவிடலாம்; அணைத்த பின் மெலிந்த குரலுக்குப் பேசுபவரே பொறுப்பு.

லினக்ஸிலோ மறதியைவிட நினைவே மிகுதி: அல்சா என்னும் அடித்தள ஒலியமைப்பு அளவுகளை ஒரு கோப்பில் சேமித்து மீட்க, அதன்மேல் பல்ஸ்ஆடியோ என்னும் ஒலிச் சேவையகம் அமர்ந்த கணினிகளில் அதுவும் தனக்கென வேறொரு பதிவேட்டை வைத்திருப்பதால், இருவரில் கடைசியாகக் கையெழுத்திட்ட அதிகாரியின் ஆணையே செல்லுபடியாகிறது.