நெய்தல் நிலத்தில் டிஷ் திருப்புதல்: ஓர் ஆய்வு

டென்மார்க்கில் எந்த மூலையில் நின்றாலும் ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். ஆகவே நாடு முழுவதும் நெய்தல் திணை என்பது முதற்கண் நிறுவப்படுகிறது. நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு. ஜூலை மாதத்தில் அங்கே பொழுது சாய இரவு பத்து மணி ஆகும். உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். சங்கத் தலைவி பிரிந்து போனவனை நினைத்துக் கடற்கரையில் இரங்கினாள். நம் ஆய்வுக்குரிய தலைவனோ எங்கும் பிரிந்து போகவில்லை. கேரவனுக்கு வெளியே முக்காலியில் நிறுத்திய டிஷ்ஷைப் பிடித்தபடி சிக்னலுக்காக இரங்குகிறான். இவ்வகை இரங்கலைப் பற்றி உரையாசிரியர் ஒருவரும் வாய் திறக்காததால் இக்கட்டுரை தேவையாயிற்று.

இங்கே கேரவன் என்பது படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி அல்ல. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு. டேனிஷ்காரர்களில் ஒரு சாரார் இதை வசந்தத்தில் ஒரு காம்பிங் திடலுக்கு இழுத்து வந்து நிறுத்துவார்கள். பிறகு முன்பக்கம் கூடாரம், பூந்தொட்டி, கொடிக்கம்பம் என்று குடித்தனம் வளரும். இலையுதிர்காலம் வரை வண்டி ஓர் அங்குலம் நகராது. மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் அசையாமல் நிற்பதாக நாம் நம்பும் செயற்கைக்கோளோ நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, சக்கரம் உள்ளது நிற்கிறது, சக்கரம் இல்லாதது ஓடுகிறது. ஓடுவதை நிற்பது துரத்திப் பிடிக்கும் முயற்சியே நம் ஆய்வுப்பொருள்.

அந்த உயரத்தில் நிலையங்களை வைத்து உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இல் எழுதியவர் அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்குக் குடிவந்தவர், 2008இல் கொழும்பில் காலமாகும்வரை அங்கேயே இருந்தார். 1980களில் அதே தீவை விட்டு வெளியேற நேர்ந்த ஈழத்தமிழர் பலர் டென்மார்க்கின் ஹெர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ முதலிய யூலாந்து ஊர்களில் குடியேறினர். பின்னாளில் லண்டனிலிருந்து வந்த தீபம் போன்ற தமிழ்த் தொலைக்காட்சிகளை அவர்கள் பார்த்தது, கொழும்பில் நிம்மதியாக வாழ முடிந்த ஒருவரின் யோசனையால். தன் நிலையங்களில் பழுது பார்க்க ஆட்கள் குடியிருப்பார்கள் என்றுதான் கிளார்க் முதலில் கருதினார். மேலே ஆள் வைக்கும் தேவை வரவில்லை. கீழே முக்காலியருகே ஒருவர் நிற்கவேண்டி வரும் என்பதைத்தான் அவர் கணிக்கவில்லை.

இனித் திசை. சென்னையில் நமக்குரிய செயற்கைக்கோள் 70 பாகைக்கு மேல், ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். ஹெர்னிங்கில் அவர்களுக்குரியது தென்வானில் ஏறக்குறைய 26 பாகை உயரத்தில் தாழ்ந்து கிடக்கிறது. தெற்கு எமனுக்குரிய திசை. வாஸ்து பார்த்துத் தெற்கு வாசல் வீட்டை வேண்டாம் என்றவரும் காம்பிங் அலுவலகத்தில் தெற்கே மறைப்பில்லாத இடமாகக் கேட்டு மல்லுக்கட்டுவதை என்னென்பது! கடல், நிழல், கழிப்பறைக்கு அண்மை ஆகிய மூன்றையும் அவர் அதற்காகத் துறக்கிறார்.

துறந்தும் பயனில்லை, மரம் இருக்கிறது. 26 பாகைக் கணக்கில், 10 மீட்டர் உயர மரம் தனக்கு வடக்கே 20 மீட்டர் தூரம்வரை சிக்னலை மறைக்கும். மரத்தை நட்டது காற்றைத் தடுக்க. மரம் இல்லாத திடலில் மேல்காற்று வந்து டிஷ்ஷைத் திருப்பிவிடும். மரமுள்ள இடத்தில் சிக்னல் வராது, மரமற்ற இடத்தில் வந்த சிக்னல் தங்காது. இந்தச் சிக்கலுக்கு டென்மார்க்கில் ஒருவர் விடை கண்டிருக்கிறார், ஆனால் பதினாறாம் நூற்றாண்டில். வானியலர் டைக்கோ பிராஹேவுக்கு 1576இல் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் வென் தீவை அளித்தார். அது இன்று சுவீடனுடையது. அங்கே கட்டிய மாளிகையில் காற்று கருவிகளை ஆட்டுவதைக் கண்டு, பக்கத்திலேயே தரைக்குக் கீழே குழிகள் எடுத்து அவற்றுக்குள் கருவிகளை இறக்கினார். தொலைநோக்கி இல்லாத காலத்தில் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குவரை அளந்த கை அது. டிஷ் திருப்புவது அவருக்கு இடக்கை வேலை. (வாள்சண்டையில் மூக்கு அறுபட்டு உலோக மூக்கு பொருத்தியவர் என்பதால், அவர் திரும்பும் பக்கமெல்லாம் கொஞ்சம் சிக்னல் வந்திருக்கவும் கூடும்.) காம்பிங் திடலில் குழி வெட்ட யாரும் விடமாட்டார்கள் என்பதே அவர் வழியில் உள்ள ஒரே குறை.

நம் தலைவனிடம் இருப்பது ரசமட்டம், திசைகாட்டி, ஒரு மனைவி. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை ஏறக்குறைய மூன்று பாகை, கை நீட்டினால் இரண்டு விரல் அகலம். அதற்குள் கோள் விழவேண்டும். விழுந்தாலும் டிஜிட்டல் ரிசீவர் அதை உணர்ந்து படமாக்கச் சில நொடி ஆகும். உள்ளிருந்து "இஞ்சேருங்கோ, வந்திட்டுது!" என்று குரல் வரும்போது டிஷ் அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். அடுத்த குரல், "போட்டுது!" "நான் தொடவே இல்லையே!" "அப்ப ஆர் தொட்டது?" உலகத்தார் இதைக் கணவன் மனைவி சண்டை என்பர், ஆய்வின்படி இது ரிசீவரின் தாமதம் மட்டுமே. கிழக்குத் தீர்க்கரேகை 19.2 பாகையில் நிற்கும் அஸ்ட்ரா செயற்கைக்கோளைத் தேடிப்போய் 13இல் நிற்கும் ஹாட்பேர்டில் முட்டிவிட்டால், "ஆரோ இத்தாலிக்காரர் சமைக்கினம்" என்று அறிவிப்பு வரும். அதுவே போதும் என்று சமையலைப் பார்த்துக்கொண்டு கோடையைக் கழிப்பவர் ஞானிகள்.

நோர்வேக்காரரின் செயற்கைக்கோளுக்குத் தோர் என்று பெயர். தோர் இடி முழக்கும் தெய்வம். இடியுடன் பெருமழை பிடித்தால் முதலில் மறைவது அவர் சிக்னல்தான். இரண்டு ஆடுகள் பூட்டிய வண்டியில் ஊர் சுற்றியவர் என்பதால், கேரவன்காரரின் குலதெய்வமாக அவரைக் கொள்வதில் தடையில்லை.

டென்மார்க்கின் பொதுத் தொலைக்காட்சியான டி.ஆர். சாதாரண ஆண்டெனாவிலேயே இலவசமாகக் கிடைக்கிறதே, போனிலும் பார்க்கலாமே என்று மறுப்போர் உண்டு. டிவி பார்ப்பதற்காகத்தான் டிஷ் வைக்கிறார்கள் என்ற தவறான அடிப்படையில் எழுந்த வாதம் அது. படம் வந்தபின் தலைவன் அதைப் பார்ப்பதில்லை. பக்கத்துக் கேரவனில் இன்னும் வராத படத்துக்கு யோசனை சொல்லப் போய்விடுகிறான். அங்கே ஏற்கெனவே நால்வர் நின்று நான்கு திசை காட்டுகிறார்கள்.

கூரைமேல் கவிழ்த்த குமிழுக்குள் தானாகச் சுழன்று, பொத்தானை அழுத்தியதும் கோளைக் கண்டுபிடிக்கும் தானியங்கி டிஷ்ஷும் சந்தையில் உண்டு. அதை வைத்திருப்போரின் கருத்துகள் இக்கட்டுரையில் சேரவில்லை. கதவைத் தட்டியபோது அவர்கள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளம்பர இடைவேளையில் வரச் சொன்னார்கள்.