குஞ்சித பாதம்

எங்கள் வீட்டுத் தையல் யந்திரம், என் மனைவியின் சீர்வரிசையில் பித்தளை அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே வந்து இறங்கிய நாளிலிருந்து, முப்பது ஆண்டுக் காலம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் உழைத்து வந்தது. அதற்கு முக்கியமான காரணம், அந்த முப்பது ஆண்டும் நான் அதன் பக்கம் போகாததுதான் என்பது என் மனைவியின் திடமான அபிப்பிராயம்.

போன மார்கழியில் எங்கள் மகள் பிரசவத்துக்காக வந்திருந்தாள். பிறக்கப்போகும் சிசுவுக்குக் கோடித் துணி ஆகாது, உடுத்தி உடுத்திப் பூப்போல் ஆகிவிட்ட பழம்புடவைதான் பாந்தம் என்பது பாட்டிமார் காலத்துச் சாஸ்திரம். ஆகவே காலஞ்சென்ற என் தாயாரின் சுங்குடிப் புடவையை மேலேயும், தன்னுடைய நூல் புடவையொன்றைக் கீழேயும் வைத்து, நடுவில் என் பழைய வேஷ்டியை நான்காக மடித்துப் போட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டி ஒரு மெத்தை விரிப்புச் செய்வதென்று என் மனைவி சங்கற்பம் செய்துகொண்டாள். அந்த வேஷ்டியை நான் இன்னும் பழையதாகக் கருதவில்லை என்ற ஆட்சேபம் சபையில் எடுபடவில்லை.

அவளுக்கு வெள்ளெழுத்து, மூக்குக்கண்ணாடியோ ஒரு காதை இழந்து கடைக்குப் போயிருந்தது. ஆதலால் நூல் கோக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கண்டிலிருந்து புறப்பட்ட நூலானது, கொக்கிகளையும் வட்டத் தகடுகளையும் ஏறி இறங்கும் நெம்புகோலையும் வலம் வந்து ஊசிக் காதை அடைவதற்குள் ஒரு ஸ்தல யாத்திரையே செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. எந்த ஸ்தலத்தையும் விடாமல் தரிசனம் செய்வித்துவிட்டேன் என்ற ஆத்ம திருப்தியோடு எழுந்தேன்.

அவள் மிதித்தாள். மேலே தையல் எறும்புச் சாரிபோல் ஒழுங்காக ஓடியது. துணியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் காக்கைக் கூடு! அறுத்தெறிந்துவிட்டு மறுபடி மிதித்தாள். மறுபடியும் கூடு, இந்தத் தடவை குஞ்சுகளோடு.

"என்னங்க, நீங்க நூல் கோத்ததிலேருந்துதான் இப்படி" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் ரோக நிதானம் முழுவதும் அடங்கியிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது அதை வெறும் அபாண்டம் என்று தள்ளிவிட்டு, தையல் யந்திரத்தின் பூர்வோத்தரத்தை விளக்கத் தொடங்கினேன். 1846-ஆம் வருஷம் அமெரிக்காவில் இலியாஸ் ஹோவ் என்பவர் காப்புரிமை பெற்ற யந்திரத்தில், ஊசியின் காது தலைப்பக்கம் இல்லாமல் கூர்முனைப் பக்கம் இருந்ததையும், சொப்பனத்தில் தம்மைச் சூழ்ந்துகொண்ட காட்டுமனிதர்களின் ஈட்டி நுனியில் துவாரத்தைக் கண்டே அவருக்கு அந்த யோசனை உதித்ததாக ஒரு குடும்பக் கதை வழங்குவதையும், 1851-இல் ஐஸக் சிங்கர் தம் யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியதையும், 1924-இல் யந்திரங்களைப் பற்றிக் கேட்ட ஒருவரிடம் காந்தியடிகள், மனைவி கையால் தைத்துத் தைத்துப் படும் சிரமத்தைச் சகிக்காமல் சிங்கர் செய்த யந்திரம் என்று சிலாகித்து, அதற்கு விதிவிலக்கு அளித்ததையும் எடுத்துரைத்தேன்.

"அந்த மனுஷர் பெண்டாட்டி படற கஷ்டத்தைப் பார்த்து மிஷின் பண்ணினார். நீங்க பண்ண வேண்டாம், இருக்கிறதைக் கெடுக்காம இருந்தாப் போதும்" என்றாள்.

அந்தச் சிங்கருக்கு ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடித்தனங்கள் இருந்தன என்னும் சரித்திரத்தின் பிற்பகுதியை நான் அன்றும் அவளிடம் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

பிறகு சிகிச்சையில் இறங்கினேன். அலங்கோலம் அடியில் தெரிகிறது. ஆகவே குற்றவாளியும் அடியில்தான் இருக்க வேண்டும் என்பது என் தர்க்கம். முப்பத்தைந்து வருஷம் காரியாலயத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எந்தத் தவறு நேர்ந்தாலும் கடைநிலைக் குமாஸ்தாவைக் கூப்பிட்டு விசாரித்தே பழகியவனுக்கு வேறு தர்க்கம் எப்படித் தோன்றும்? அடிநூல் இருக்கும் பாபின் பெட்டியை வெளியே எடுத்து, அதன் பக்கத்தில் இருந்த எள்ளளவு திருகைத் திருப்பினேன். நூல் பட்டென்று அறுந்தது. எதிர்ப்புறம் திருப்பினேன், திருகு கழன்று எங்கோ விழுந்தது. மகள் டார்ச் விளக்கைப் பிடிக்க, மனைவியும் நானும் சாஷ்டாங்கமாக விழுந்து தேடியதில், அது அரை மணி நேரத்துக்குப் பின் என் சட்டை மடிப்பிலேயே அகப்பட்டது.

அன்றிரவு, எண்ணெய் போட்டால் சகலமும் இளகும் என்ற உத்தேசத்தில், அகப்பட்ட துவாரங்களிலெல்லாம் தேங்காய் எண்ணெய் வார்த்தேன். மார்கழிக் காலையில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் சீசாவுக்குள் வெண்ணெயாய் உறைந்து நிற்பதை அறுபது வருஷமாகப் பார்த்து வருபவன்தான் நான். ஆனாலும் விடிந்ததும் சக்கரத்தை அசைக்க முடியாமல் நின்றபோதுதான் அந்த ஞானம் உபயோகத்துக்கு வந்தது.

கடைசியில் தெருக்கோடித் தையற்கடை பாய் வந்தார். யந்திரத்தைத் தொடுவதற்கு முன் முகர்ந்து பார்த்து, "தாளிச்சுட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி, பிசுக்கைத் துடைத்து, நீர்போல் ஓடும் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஊசிக்குக் கீழே உள்ள தகட்டைக் கழற்றி, துணியை இழுத்துச் செல்லும் பல்லுக்கு அடியில் மெத்தையாகப் படிந்திருந்த நூல் தூசியைத் தூரிகையால் தள்ளினார். பழந்துணியை அடுக்கித் தைக்கிறவர்கள் இதை அடிக்கடி செய்யாவிட்டால், விரிப்பு ஒன்று வெளியே உருவாகும்போது மற்றொன்று உள்ளே உருவாகிவிடுமாம். பிறகு, "இப்ப நீங்க எப்படிக் கோத்தீங்களோ, அப்படியே கோத்துக் காட்டுங்க" என்றார்.

முக்காலியில் உட்கார்ந்து நூலைக் கையில் எடுத்தேன்.

"சார், காலைத் தூக்குங்க."

மிதிப்பலகையிலிருந்து என் வலது காலைத் தூக்கினேன்.

"அந்தக் கால் இல்லே சார்."

இடது காலையும் தூக்கினேன். உள்ளேயிருந்து என் மகள் சிரித்த சிரிப்பில், பிரசவம் அன்றைக்கே ஆகிவிடுமோ என்று நாங்கள் எல்லோரும் பயந்துபோனோம்.

பாய் சொன்னது யந்திரத்தின் கால். துணியை அமுக்கிப் பிடிக்கும் அந்தச் சின்ன இரும்புப் பாதம். அது கீழே இறங்கியிருக்கும்வரை மேலேயுள்ள இரண்டு வட்டத் தகடுகளும் இறுக மூடிக்கொண்டு நிற்கின்றன. அப்போது கோத்தால் நூல் உள்ளே நுழையாமல் விளிம்பில் வெறுமனே தொங்குகிறது. பாதத்தைத் தூக்கினால் தகடுகள் வழிவிடுகின்றன. மேல் நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் கைகோத்துக்கொள்ள வேண்டியவை. மேல் நூலுக்குப் பிடிமானம் இல்லையானால், அது வேண்டியமட்டும் கீழே இறங்கிச் சுருண்டு கூடு கட்டுகிறது. "கீழே சிக்கினா மேலே பாருங்க சார்" என்றார் பாய். நான் விசாரித்த குமாஸ்தாக்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

இந்த ரகசியம் உனக்குத் தெரியாதா என்று மனைவியைக் கேட்டேன். தெரியாதாம். "அம்மா கை தானாத் தூக்கும் சார், அதனாலேதான் முப்பது வருஷம் ஓடிச்சு" என்றார் பாய். ஹோவ் கண்ட சொப்பனம்வரை என் தலைக்குத் தெரிந்திருந்தது. காரியம் நடப்பதற்கு வேண்டிய ஒன்று மாத்திரம் அவள் கைக்குத் தெரிந்திருந்தது. தில்லைக் கூத்தன் ஊன்றிய திருவடியில் அல்ல, தூக்கிய குஞ்சித பாதத்திலேயே அனுக்கிரகம் இருக்கிறது என்று பெரியோர் சொல்வதன் தாத்பரியத்தை, ஒரு தையற்காரர் எனக்கு விளக்கிவைக்க வேண்டியிருந்தது.

போவதற்கு முன் அவர் இன்னும் சில உபதேசங்கள் செய்தார். இத்தனை மடிப்புக்குப் பதினாறாம் நம்பர் ஊசி போடவேண்டும். ஊசியின் நீண்ட பள்ளம், நூல் நுழையும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பல், அடித்துணியை மட்டுமே இழுத்துச் செல்லும், மேல்துணி பின்தங்கிச் சுருங்கும்; ஆதலால் எல்லா மடிப்பையும் முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பிணைத்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துக்கொண்டு போகவேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால், சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மகாநாடு கூடும். பாதத்தின் அழுத்தத்தை உச்சித் திருகால் சற்றுத் தளர்த்தி, தையலை நீளமாக வைக்கவேண்டும். கூலியாக ஊசிக்கும் எண்ணெய்க்கும் மட்டும் வாங்கிக்கொண்டார். யந்திரத்தில் ரிப்பேரே இல்லையாம். ரிப்பேர் எங்கே இருந்தது என்பதை மரியாதை கருதிச் சொல்லவில்லை.

விரிப்பு நான்கே நாளில் முடிந்தது. ஒரே ஒரு வரிசை மட்டும் நான் மிதித்தேன். அது வைகைபோல் வளைந்து போயிற்று. பிரித்தால் பழம்புடவை பொத்தலாகிவிடும் என்று மனைவி அதை அப்படியே விட்டுவிட்டாள். இப்போது அந்த வளைந்த வரிசையின்மேல் என் பேரன் மல்லாந்து படுத்து, எப்போது பார்த்தாலும் ஒரு காலைத் தூக்கியபடியே இருக்கிறான். மூன்று மாதத்துக் குழந்தை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.