சந்தேகத்துக்கு அரை சதவீத வட்டி

அனுப்புநர்:
மாதச் சம்பளக்காரன் ஒருவன்,
சோழம்பேடு சாலை, திருமுல்லைவாயில்.

பெறுநர்:
மேன்மை தங்கிய இடர் மேலாண்மை மென்பொருள் அவர்கள்,
வருமான வரித்துறை மத்தியச் செயலாக்க மையம், பெங்களூரு.

பொருள்: ரீஃபண்ட் – நிறுத்தி வைத்தல் – காரணம் கேட்டல் – தொடர்பாக.
பார்வை: 2025 டிசம்பர் கடைசி வாரத்துத் தங்கள் குறுஞ்செய்தி.

ஐயா, அல்லது அம்மா, அல்லது மென்பொருளே,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குத் தங்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி ஒன்றும் இல்லை. வரியைக் கம்பெனியே பைசா பிசகாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் இதைத் தைரியமாக எழுத முடிகிறது. பாக்கி உள்ளவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்கள் எழுத மாட்டார்கள். எழுதினால் ஃபைல் இன்னும் அடியில் போய்விடும் என்று பயம்.

தங்கள் பெருமை எங்களுக்குத் தெரியாததல்ல. 2009-இல் தாங்கள் பெங்களூரில் கடை திறப்பதற்கு முன்னால் ரீஃபண்ட் என்பது தபால்காரர் கொண்டுவர வேண்டிய காசோலை. வரும் என்று நம்பியவர்கள் அதிகம், வந்ததைக் கண்டவர்கள் குறைவு. 2013-14-இல் ஒரு ரிட்டர்னைப் பார்த்து முடிக்கச் சராசரி 93 நாள் ஆனது, இப்போது பத்தே நாள் என்று 2024 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் சொன்னபோது நாங்களும் மகிழ்ந்தோம். சராசரியின் சூட்சுமம் அப்புறம்தான் புரிந்தது. நூறு பேருக்கு ஒரே ராத்திரியில் பணம் போய்ச் சேர்ந்துவிட்டால், நூற்றியோராவது ஆள் ஒரு வருஷம் காத்திருந்தாலும் சராசரிக்கு ஒரு சேதமும் இல்லை. அந்த நூற்றியோராவது ஆட்களின் சார்பில்தான் இந்தக் கடிதம்.

2025-இல் ரிட்டர்ன் போடும் கெடு ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போனது. கடைசி நாளில் இணையதளம் முக்கி முனகியதால் இன்னும் ஒரு நாள் கூடியது. ஓ.டி.பி. போட்டுச் சரிபார்த்தவர்கள் தீபாவளிக்குள் பணம் வந்துவிடும் என்று வீட்டில் வாக்குக் கொடுத்தார்கள். அக்டோபர் 20-இல் தீபாவளி வந்து போனது. நவம்பர் 17 அன்று நேரடி வரிகள் வாரியத் தலைவர் ரவி அகர்வால் டெல்லியில் விளக்கம் சொன்னார்: சிறு தொகைகள் போய்க்கொண்டிருக்கின்றன, பெரிய தொகைகளும் சந்தேகக் குறி விழுந்தவையும் ஆராயப்படுகின்றன, அந்த மாதத்திலோ டிசம்பரிலோ முடிந்துவிடும் என்று. டிசம்பரில் பணத்துக்குப் பதில் குறுஞ்செய்தி வந்தது.

அது எங்கள் ரயில் நிலையத்து நடைமேடையில் எப்படி வாசிக்கப்பட்டது என்று தாங்கள் அறிய வேண்டும். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையனிடம் போனை நீட்டினார்.

"தம்பி, இது இன்னான்னு பார்த்துச் சொல்லு."

"ரீஃபண்டை நிறுத்தி வெச்சிருக்காங்களாம் சார். ரிஸ்க்குல வந்திருக்குன்னு போட்டிருக்கு."

"யாரு ரிஸ்க்கு? நானா?" பெரியவர் போனை வாங்கிப் பார்த்தார். "முப்பது வருஷம் டாங்கிக்குள்ள பூந்து பூந்து வேலை செஞ்சேன், அப்பல்லாம் ஒருத்தனும் சொல்லலையேப்பா."

"கணக்குல ஏதோ ஒத்துப்போவலையாம். விவரம் மெயில்ல அனுப்பியிருக்காங்களாம். 31-ஆம் தேதிக்குள்ள திருத்தணுமாம்."

"மெயிலு என்கிட்ட ஏது? ரிட்டர்ன் போட்டுக் குடுத்தவர் அவரு மெயிலைத்தான் போட்டாரு."

அரக்கோணம் வண்டி வந்துவிட்டது. மேற்கொண்டு விசாரணை நடக்கவில்லை.

ஓய்வுபெற்ற வருஷத்தில் கிராஜுவிட்டி, லீவ் சரண்டர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் கைக்கு வரும். அலுவலகம் கொடுத்த படிவம் 16-இல் ஒரு தொகையும் ரிட்டர்னில் இன்னொரு தொகையும் இருந்தால் தாங்கள் புருவம் உயர்த்துவது நியாயமே. எந்தத் தொகையைப் பார்த்து உயர்த்தினீர்கள் என்பதை அந்தச் செய்தியிலேயே சொல்லியிருந்தால், வண்டி வருவதற்குள் விஷயம் முடிந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் திருடர்களே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 2025 ஜூலை 14 அன்று நாடெங்கும் 150 இடங்களில் தங்கள் துறை சோதனை போட்டது. பொய்க் கழிவுகள் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் கும்பல்கள் பிடிபட்ட மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. குடியிருக்காத வீட்டுக்கு வாடகை, பெயரே கேள்விப்படாத கட்சிக்கு நன்கொடை, வாங்காத கடனுக்கு வட்டி என்று கற்பனை வளம் கொடிகட்டிப் பறந்திருக்கிறது. வரும் பணத்தில் இவ்வளவு கமிஷன் என்று பேசிக்கொண்டு, அதற்கென்றே திறந்த மின்னஞ்சலில் மொத்தமாக ரிட்டர்ன் போட்டு, பிறகு அந்த மின்னஞ்சலையே கைகழுவிவிடுகிறார்களாம். நோட்டீஸ் போய் விழுவது ஆளில்லாத வீட்டில். முன்னதாக நான்கு மாதத்தில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கினார்கள் என்றும் அரசு சொன்னது. ஆகவே தாங்கள் சோதிப்பது சரி. ஆனால் ஆளில்லாத மின்னஞ்சல்களைப் பற்றி ஜூலையில் ஊருக்கே எடுத்துச் சொன்ன துறை, டிசம்பரில் விவரத்தை மின்னஞ்சலுக்கே அனுப்பியதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

ரீஃபண்ட் நிற்பதற்குத் திருட்டைவிடச் சாதாரணமான காரணங்களே அதிகம் என்பது தங்களுக்கும் தெரியும். ரிட்டர்ன் போட்டு 30 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால் அது போட்ட கணக்கிலேயே சேராது. கழித்த வரி படிவம் 26ஏ.எஸ்.ஸில் ஏறியிருக்காது. வங்கிக் கணக்கு முன்கூட்டி உறுதி செய்யப்பட்டிருக்காது. தமிழர்களுக்கென்று தனியாக ஒரு வியாதியும் உண்டு, அது இனிஷியல். வங்கியில் எஸ். முருகன். பான் அட்டையில் சண்முகம் முருகன். ஆதாரில் முருகன் சண்முகம். அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடச் சொன்னது படிவம். போட்டபின் இந்த மூவரும் ஒரே ஆள்தானா என்று கேட்பதும் படிவம். மகன் பேரில் வந்த பணம் அப்பா பேரில் முட்டிக்கொண்டு திரும்பிப் போகிறது.

பழைய பாக்கி என்று ஒன்றும் இருக்கிறது. பிரிவு 245-இன்படி, என்றைக்கோ நிலுவையில் நின்ற தொகையை இன்றைய ரீஃபண்டில் கழித்துக்கொள்ளலாம். 1962-ஆம் ஆண்டு வரைக்கும் பின்னோக்கிப் போகிற சில்லறைப் பாக்கிகள் புத்தகத்திலேயே கிடந்து நேர்மையானவர்களின் ரீஃபண்டை மறிக்கின்றன என்று நிதியமைச்சரே அதே 2024 உரையில் ஒப்புக்கொண்டு, 2009-10 வரையிலானவற்றில் 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு 10,000 ரூபாய் வரையும் தள்ளுபடி செய்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டை பிறப்பதற்கு முந்தைய பாக்கி அது. தங்கள் ஞாபகசக்திக்கு ஒரு கும்பிடு.

இந்த மாதிரி வழக்கில் திருமுல்லைவாயிலுக்கு முன் அனுபவம் உண்டு. திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் நாயன்மார் சுந்தரரின் இரு கண் பார்வையும் பறிபோனது. போகிற வழியில் எங்கள் மாசிலாமணீசுவரர் சந்நிதியிலும் அவர் மனுப் போட்டார். உடனே பைசல் ஆகவில்லை. திருவெண்பாக்கத்தில் இடைக்கால நிவாரணமாக ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடது கண் வந்தது. வலது கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. தவணை முறை ரீஃபண்டுக்கு இதைவிடப் பழைய சான்று தேட முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம்: எதற்காக நிறுத்திவைக்கப்பட்டது என்பது சுந்தரருக்கு முதல் நாளே தெரியும். ஈசனிடம் இருந்த அந்த வெளிப்படைத்தன்மையைத்தான் தங்களிடமும் எதிர்பார்க்கிறோம்.

கெடு விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் கடைசி வாரத்தில் செய்தி அனுப்பி, 31-க்குள் திருத்து என்றீர்கள். அதைத் தவறவிட்டவர் பிறகு புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். ஆனால் அதில் கூடுதல் வரி கட்டத்தான் கட்டம் உண்டு, ரீஃபண்ட் கேட்க வழி இல்லை. எங்களுக்கு இருந்தது ஏறக்குறைய ஒரு வாரம். அதே ரிட்டர்னைப் பார்த்து முடிக்கச் சட்டம் தங்களுக்குத் தந்திருக்கும் கெடு 2026 டிசம்பர் 31.

வட்டியும் அப்படியே. பெரியவருக்கு வர வேண்டியது 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரிவு 244ஏ-இன்படி ஏப்ரல் முதல் மாதம் அரை சதவீதம், அதாவது 120 ரூபாய். டிசம்பர் வரை ஒன்பது மாதத்துக்கு 1,080 ரூபாய். அந்த வட்டியும் வருமானம்தான், அதற்கும் வரி உண்டு. ரீஃபண்ட் மொத்த வரியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வட்டியே கிடையாது. இதே 24,000-ஐ அவர் கெடு தாண்டியும் கட்டாமல் இருந்தால் மாதம் ஒரு சதவீதம் தண்டம் விழும். அவர் தாமதித்தால் முழு வட்டி, தாங்கள் தாமதித்தால் பாதி வட்டி. வட்டிக்கடைக்காரர்கூட வாங்குவதும் கொடுப்பதும் வேறு விகிதம் என்று பலகையில் எழுதிவைக்கக் கூசுவார். தாங்கள் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமல். அதன் மசோதா 2025 பிப்ரவரியில் வந்தபோது, கெடு தாண்டி ரிட்டர்ன் போட்டால் ரீஃபண்டே இல்லை என்று ஒரு வரி இருந்தது. நாடாளுமன்றத் தேர்வுக் குழு சொன்னதும் ஆகஸ்டில் அந்த வரி காணாமல் போனது. ஒரு வரியை எடுக்க ஆறு மாதம் போதும் என்றால், இரண்டு மூன்று வரி சேர்க்கவும் அதே காலம் போதும். ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

ஒன்று, சந்தேகம் வந்தால் எந்தப் பிரிவில், எந்தத் தொகையில் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே, தமிழிலும் சொல்லவும்.

இரண்டு, திருத்த எங்களுக்கு ஒரு வாரம் என்றால், திருத்தியதைப் பார்க்கத் தங்களுக்கும் ஒரு வாரம்.

மூன்று, வட்டி இரு தரப்புக்கும் ஒன்றே. ஒரு சதவீதம் அதிகம் என்று பட்டால் எங்களுக்கும் அரையாகக் குறைக்கவும். ஆட்சேபணை இல்லை.

நான்கு, சந்தேகம் பொய்த்துப்போனால், "மன்னிக்கவும், தாங்கள் ரிஸ்க் அல்ல" என்று இன்னொரு செய்தி. பெரியவர் அதை நடைமேடையில் எல்லாருக்கும் காட்டுவார்.

இக்கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் ஓ.டி.பி. போட்டுத் தாங்கள் இதைச் சரிபார்க்க வேண்டும். தவறினால், தங்களுக்குக் கடிதமே வரவில்லை என்று கருதிக்கொள்ளலாம். தங்கள் விதிப்படிதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பான் எண்ணும் ஆதார் எண்ணும் இணைக்கப்பட்ட குடிமகன்