சிலர் வீட்டு ஆடு

அமெரிக்காவில் நெக்ஸ்ட்டோர் என்று ஒரு செயலி இருக்கிறது. ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக 2011இல் ஆரம்பித்தது. அதற்கு முந்தைய ஆண்டு பியூ ஆய்வு மையம் சொன்ன கணக்குப்படி, அமெரிக்கர்களில் 28 சதவீதம் பேருக்கு அக்கம்பக்கத்தில் ஒருவர் பெயர்கூடத் தெரியாதாம். பாவம், அந்தக் குறையைத் தீர்க்க வந்த செயலி. அதில் சேர வேண்டுமானால் நீங்கள் அந்தத் தெருக்காரர்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி, வீட்டு முகவரிக்குத் தபால் அட்டை வரும். அதிலுள்ள குறியீட்டைப் போட்டால் உள்ளே விடுவார்கள்.

எங்கள் ஊர் கண்ணமங்கலத்துக்கு இப்படி ஓர் அட்டை வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அட்டை என் கைக்கு வருவதற்குள் கூட்ரோட்டு டீக்கடையில், "இன்னாபா, உனக்கு ஏதோ நம்பர் வந்துக்குதாமே, லோனா?" என்று கேட்டிருப்பார்கள். குறியீடு என்னவென்று வேண்டுமானால் என் மாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கூகுள்கூட 2018இல் மும்பையில் நெய்பர்லி என்று ஒன்றை ஆரம்பித்து, 2020 மே மாதம் இழுத்து மூடிவிட்டது. அக்கம்பக்கத்தாரிடம் கேள்வி கேட்டால் அவர்கள் பதில் சொல்வார்கள் என்பது ஏற்பாடு. கேட்டால்தான் சொல்வார்கள் என்று யாரோ அவர்களுக்குத் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், கணியம்பாடிக்கும் சந்தவாசலுக்கும் நடுவில், மேற்கே ஜவ்வாது மலையைப் பார்த்தபடி இருக்கிறது எங்கள் ஊர். இங்கே இதற்கெல்லாம் இருப்பது வாட்ஸ்அப் குரூப் ஒன்று. ஊர்ப் பெயருக்கு முன்னால் 'நம்ம', பின்னால் ஒரு கைகூப்பு. முகப்புப் படத்தில் மலை. அட்மின் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஆதார் நகல், சாதிச் சான்று, பட்டா என்று ஊரில் பாதிப் பேருடைய ஜாதகம் ஏற்கெனவே அவர் கடை வழியாகத்தான் போய் வருகிறது. அதனால் அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

குரூப்பில் காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூ வரும். ஆறு மணிக்கு ராசிபலன். ஏழு மணிக்குக் கரண்ட் போனால், "கரண்ட் போச்சா?" என்று ஒருவர் கேட்பார். "இங்கயும் போச்சு" என்று நாற்பது பேர் சொல்வார்கள். திரும்பி வந்ததும், "வந்துடுச்சு" என்று அதே நாற்பது பேர். மின்விசிறி சுற்றுகிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்க்கும் பழக்கமே எங்கள் ஊரில் அற்றுப்போய்விட்டது.

ஆடி வெள்ளியில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்கள் வழியாகத்தான் போகும். அன்றைக்கு, "படவேடு வண்டி வந்துச்சா?" என்ற கேள்விக்கு, "வந்து நிக்குது, சீக்கிரம் வாங்க" என்று பதில் வரும். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினால் பஸ் ஸ்டாண்டில் நாய் படுத்திருக்கும். அந்தப் பதில் காலையில் போட்டது. சிக்னல் கிடைத்து இப்போதுதான் இறங்கியிருக்கிறது.

மழைக்காலத்தில் நாகநதியில் தண்ணீர் வந்துவிட்டால் அன்றைக்குக் குரூப்புக்குத் திருவிழா. பாலத்தில் வரிசையாக நின்றுகொண்டு எல்லாரும் ஒரே தண்ணீரை வீடியோ எடுப்பார்கள். எடுத்து, குரூப்பில் போடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் தன் வீடியோவைப் போட்டுவிட்டு, இவர் போட்டதைத் திறந்து பார்த்து, "இன்னா வேகம் பாரு!" என்று வியப்பார். எதிரே ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.

சாவுச் செய்தியும் இங்கேதான் வருகிறது. முன்பெல்லாம் தப்புச் சத்தம் கேட்டு, யார் வீட்டில் என்று விசாரித்துக்கொண்டு போவோம். இப்போது, சிரித்த முகமும் மாலையுமாக அட்டை வந்துவிடுகிறது. கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல்கள். "எப்ப எடுக்குறாங்க?" என்று ஒருவர் கேட்பார். யாரோ அவசரத்தில் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிடுவார். அடுத்த நொடி, பக்கத்துத் தெரு பிரியாணிக் கடையின் ஞாயிறு சலுகை வந்து விழும். துக்கம் அனுசரிக்கப் பத்து நிமிடமாவது கொடுங்கள் என்று ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எழுதினார். அதற்கும் கட்டை விரல் வந்தது.

கிடைத்த பொருளைப் போடுவார்கள். அது நல்ல வழக்கம், ஆனால் எங்கள் ஆட்கள் கொஞ்சம் விளக்கமாகப் போடுவார்கள். கூட்ரோட்டில் கிடந்த ஆதார் அட்டையை முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தெளிவாகப் படமெடுத்து ஒருவர் போட்டார். அட்டைக்குச் சொந்தக்காரர் அரை மணியில் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அவர் பிறந்த ஆண்டை ஊரே பார்த்துவிட்டது. அவரைப் பத்து வருஷமாக அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டு, டீக்கும் காசு கொடுத்துவந்தவர்களில் நானும் ஒருவன். அவர் எனக்கு இரண்டு வயது சின்னவர்.

ரத்தம் தேவை என்ற செய்தி தனி இனம். வேலூர் ஆஸ்பத்திரிகள் பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கு அது அடிக்கடி வரும். "இன்று மாலைக்குள் ஓ நெகட்டிவ், மிக அவசரம்" என்று இருக்கும். எந்த இன்று என்று இருக்காது. ஒரே செய்தி தீபாவளிக்கும் வரும், பொங்கலுக்கும் வரும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் அந்த எண்ணுக்கு போன் போட்டுக் கேட்பான். சில முறை நிஜமாகவே ஆள் படுத்திருப்பார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவான். வந்து குரூப்பில் ஒரு வரிகூடப் போடமாட்டான். இந்த குரூப்பில் அப்படி ஒரு பிறவி இருக்கிறது என்பதே அதிசயம்.

ஆனால் ஊர்க்காரர்களின் மேதைமை எல்லாம் வெளிப்படுவது புகார் சொல்லும்போதுதான். எங்கள் தெருவில் ஓர் அக்கா, முருங்கைக் கன்று ஒன்றை முள்வேலி போட்டுப் பிள்ளைபோல வளர்த்தார். ஒருநாள் மத்தியானம் ஆடு வந்து வேலியைத் தள்ளி, கன்றை மொட்டையடித்துவிட்டுப் போனது. யார் வீட்டு ஆடு என்று அக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ஆட்டுக்கு இடது காது பாதி வெட்டுப்பட்டிருக்கும். எங்கள் ஜில்லாவிலேயே அப்படி ஓர் ஆடு கிடையாது. அக்கா குரூப்பில் எழுதினார்: "சிலர் வீட்டு ஆடுகளைச் சிலர் அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். சிலர் வளர்க்கும் செடிகளை அவை தின்றுவிடுகின்றன. இது சிலருக்கு வருத்தமாக உள்ளது." கூடவே மொட்டைக் கன்றின் படம். படத்தின் ஓரத்தில், ஆற அமர மென்றபடி, அரைக் காதுடன் ஆடு.

முதலில் பதில் போட்டவர் ஆட்டுக்காரர்தான். "இது ரொம்ப தப்பு. யாரா இருந்தாலும் கண்டிக்கணும்" என்று எழுதி, கை தட்டும் படம் மூன்று போட்டார். அதைத் தொடர்ந்து கண்டனங்கள் குவிந்தன. தலைமை ஆசிரியர் ஆடு வளர்ப்போரின் சமூகப் பொறுப்பு பற்றி நீளமாக எழுதினார். பெயர் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. ஆட்டுக்காரரின் மச்சான்தான் அக்காவின் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறார். தலைமை ஆசிரியரின் மகளுக்கு வரன் பார்த்துச் சொன்னவர் ஆட்டுக்காரரின் பெரியம்மா. சாயங்காலம் ஆட்டுக்காரர் நேரில் வந்து அக்காவிடம், "யாருன்னு தெரிஞ்சா சொல்லுக்கா, நான் கேக்கறேன்" என்றார். அக்கா, "விடுப்பா, வாயில்லா ஜீவன்" என்று காபி போட்டுக் கொடுத்தார்.

நெக்ஸ்ட்டோர்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டியது பெயரே தெரியாதவர்களைச் சேர்த்துவைக்கும் வழி. எங்களுக்குப் பிரச்சினையே எல்லார் பெயரும் தெரிந்திருப்பதுதான். அதனால்தானோ என்னவோ, பெயர் தெரியாத ஒன்று ஊருக்குள் வந்துவிட்டால் எல்லாருக்கும் வாய் திறந்துவிடுகிறது. அமிர்திக் காட்டிலிருந்து சிறுத்தை இறங்கிவிட்டது என்று ஒரு படம் வந்தது. குறுக்குத்தெரு ஒன்றில், விளக்குக் கம்பத்தடியில், அசல் சிறுத்தை. யாரும் 'சிலர் வீட்டுச் சிறுத்தை' என்று எழுதவில்லை. பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், கம்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆணைகள் பறந்தன. அந்தச் சிறுத்தையைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னவர்கள் இரண்டு பேர். எங்களுக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் குரூப்பில் இருக்கிறார். வடக்கே பல வருஷம் இருந்தவர். படத்தைப் பெரிதாக்கி, பின்னாலிருந்த கடைப் பலகையைப் படித்துவிட்டு எழுதினார்: "பலகையில் இந்தியில் ஸ்வீட் ஸ்டால் என்று போட்டிருக்கிறது. அங்கேயே ஜிலேபி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கும், பயப்பட வேண்டாம்."

எல்லா முறையும் பலகையைப் படிக்க ஆள் இருப்பதில்லை. 2018 வசந்தத்தில், குழந்தை கடத்தும் கும்பல் வடக்கேயிருந்து வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் முழுக்கச் சுற்றியது. அந்த மே மாதம் 9ஆம் தேதி, சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பம், போளூருக்கு அந்தப் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்தில் அத்திமூரில் நிறுத்தி வழி கேட்டது. 65 வயது அம்மாள் ஒருவர் அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். அடுத்த ஊருக்கு போன் பறந்தது. காரை மறித்து அடித்ததில் அந்த அம்மாள் அங்கேயே இறந்தார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம். தமிழ் பேசிக்கொண்டு, சாமி கும்பிட வழி கேட்டவர்கள். அரைக் காது ஆட்டுக்குக் கொடுக்கிற சந்தேகத்தின் பலனில் கால்வாசிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இது நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள வியாதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நெக்ஸ்ட்டோரிலும் 'சந்தேகத்துக்குரிய ஆள்' என்று வருகிற புகார்களில் பல, கறுப்பர் ஒருவர் தெருவில் நடந்து போகிறார் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லாதவையாக இருந்தன. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஆட்கள் கோபித்துக்கொள்ள, 2016இல் படிவத்தை மாற்றினார்கள். ஒருவருடைய இனத்தைக் குறிப்பிட்டால், கூடவே சட்டை, செருப்பு, தலைமுடி என்று வேறு அடையாளங்களையும் எழுதினால்தான் புகார் போகும். அப்படிச் செய்ததில் அந்த மாதிரிப் புகார்கள் 75 சதவீதம் குறைந்தன என்று அந்த நிறுவனமே சொன்னது. செருப்பைப் பார்க்கிற அளவுக்குப் பொறுமை இருந்தால் பாதிச் சந்தேகம் போய்விடும் போலிருக்கிறது.

வாட்ஸ்அப்பும் தன் பங்குக்குச் செய்தது. 2018 ஜூனில், அட்மின் மட்டும் பேசலாம் என்ற வசதி வந்தது. ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் தள்ளிவிட முடியாது என்றார்கள். 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை சுற்றியதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். எங்கள் ஊர் தோற்றுவிடுமா? ஒரு போனில் வந்ததை இன்னொரு போனால் படமெடுத்துப் புதுச் செய்தியாக அனுப்பினார்கள். படத்தில் செய்தியோடு, பிடித்திருப்பவரின் கட்டை விரலும் கொஞ்சம் லுங்கியும் தெரியும்.

யாரோ போட்டதற்குத் தன்மேல் கேஸ் வருமோ என்று ஜெராக்ஸ் கடைக்காரர் பயந்துபோய், கொஞ்ச நாள் அட்மின் மட்டும் என்று பூட்டி வைத்தார். விளைவு, செய்தி சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் கடைக்கே வர ஆரம்பித்தார்கள். "ரெண்டு ஜெராக்ஸ், அப்படியே பசுமாடு காணோம்னு ஒண்ணு போட்டுடு." அவர் ஒரு கையில் மிஷினும் ஒரு கையில் போனுமாகத் திண்டாடினார். கடையில் ஜனம் நின்றது, வியாபாரம் நடக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு வந்து, கரூர் வக்கீல்கள் குரூப் ஒன்றின் அட்மினாக இருந்ததைத் தவிர ஒருவர் வேறெதுவும் செய்யவில்லையென்றால் அவர் பெயரை போலீஸின் இறுதி அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொன்னது. அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி, தானே ஜெராக்ஸ் எடுத்து, தானே லேமினேஷன் போட்டு, கல்லாவுக்கு மேல் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். குரூப் மறுபடி திறந்துவிட்டது.

இப்போது புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பானிபூரி வண்டி போட்டிருக்கும் உத்தரப்பிரதேசத்துப் பையன். வந்த புதிதில் அவனைப் பற்றி, "யாரோ வடநாட்டு ஆள், விசாரிக்கணும்" என்று குரூப்பில் ஒருவர் எழுதினார். "விசாரிச்சாச்சு, மசாலா கொஞ்சம் காரம்" என்று அட்மின் பதில் போட்டு, அவனையும் உள்ளே சேர்த்துவிட்டார். தமிழ் எழுத வராது, வாய்ஸ் மெசேஜ்தான். "இன்னிக்கி கடை லீவு, நாளிக்கி இருக்குது" என்பான். குரூப்பில் எல்லாரும் கடைசிவரை கேட்கிற ஒரே வாய்ஸ் மெசேஜ் அவனுடையது.

போன வாரம் அவனிடமிருந்து ஒன்று வந்தது. பின்னால் பஸ் ஹாரன், எண்ணெய் கொதிக்கிற சத்தம். "எல்லாருக்கும் வணக்கம். சில பேரு பானிபூரி சாப்ட்டு துட்டு அப்றம் தரேன்னு சொல்லிக்கிறாங்க. பேரு வேணாம். சில பேரு."

முதல் பதில் ஆட்டுக்காரருடையது. "இது ரொம்ப தப்பு தம்பி. யாரா இருந்தாலும் உடனே குடுத்துடணும்."