சைட்டிராக் சார்

சென்னையில் எந்த அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்துக்கும் துணிந்து போங்கள். மொட்டைமாடி, பிளாஸ்டிக் நாற்காலி, ஆறிப்போன வடை, ஒரு சைட்டிராக் சார் – நாலும் இருக்கும். வடை சில மாதம் வராமல் போகலாம். சார் வந்துவிடுவார்.

பெரும்பாலும் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் போன மாதக் கூட்டக் குறிப்பு. உட்காரும்போதே எச்சரிப்பார்: "இன்னிக்கு ஒரே டாபிக்தான். தொட்டி வழியுது. யாரும் சைட்டிராக் ஆகக்கூடாது." நமக்கும் நம்பிக்கை பிறக்கும். எட்டு மணி சீரியலுக்குக் கீழே போய்விடலாம்.

மூன்றாம் மாடி அம்மா, "தண்ணி எங்க பால்கனியில..." என்று தொடங்குவார்.

"மேடம், சைட்டிராக் ஆகறோம். பால்கனி அடுத்த மாசம்."

தொட்டித் தண்ணீர் கொட்டுவதே அந்தப் பால்கனியில்தான். ஆனால் அந்த அம்மா உட்கார்ந்துவிடுவார். குறுக்கே பேச இனி ஆளில்லை என்று தெரிந்ததும் சார் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"தொட்டி வழியுதுன்னா தண்ணி வருதுன்னு அர்த்தம். எங்கேருந்து வருது?"

யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் வீராணத்திலிருந்து வரும். 2004இல் சென்னைக்குக் குழாயில் வந்த கதை, அதற்கு முந்தைய முயற்சியில் ராட்சதக் குழாய்கள் சாலையோரம் வருஷக்கணக்காகக் கிடந்த கதை. ஏரி காட்டுமன்னார்கோவில் பக்கம். அந்தப் பக்கத்துக் கிளையில்தான் சார் மேனேஜராக இருந்தார். மேனேஜர் என்றதும் 1969 வந்துவிடும். இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியதைச் சொல்லும்போது, முதல்நாள் ராத்திரி இவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்ததுபோல் குரல் தணியும். அங்கிருந்து பயிர்க்கடன், பயிர்க்கடனிலிருந்து மீட்டர்கேஜ் ரயில், ரயிலிலிருந்து விழுப்புரம் ஸ்டேஷன் காபி.

சும்மா சொல்லக்கூடாது, விவரம் சுத்தமாக இருக்கும். வீரநாராயணன் என்பது பராந்தக சோழனின் பட்டப்பெயர், ஏரிக்கு வீராணம் என்று பெயர் வந்தது அதனால்தான் என்பது எங்கள் பிளாக்கில் எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடத் தெரியும். மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

இதற்குள் நாற்காலிக்கு அடியில் தண்ணீர் ஓடத் தொடங்கியிருக்கும். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்போம். தொட்டியில் ஏறிப் பார்த்த பிளம்பர் தம்பி இறங்கி வந்து நிற்பார்.

"சார், தொட்டி நல்லாத்தான் இருக்கு. மோட்டாரை யாரும் ஆஃப் பண்ணலை. சுவிட்ச் எங்கேன்னு சொன்னீங்கன்னா நிறுத்திடறேன்."

சார் கண்ணாடியைக் கழற்றுவார். கோபம் வந்தால் அப்படித்தான்.

"தம்பி, முக்கியமா பேசிட்டிருக்கோம். சைட்டிராக் பண்ணாதீங்க."

பிளம்பருக்கு ஒரு வடை கொடுப்போம். செயலாளர் குறிப்பேட்டில் எழுதுவார்: 'தொட்டி குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.'