ஒயரை எங்கே வெட்டுவது?

வீட்டிலேயே ஆர்கேட் விளையாட்டுப் பெட்டி செய்யக் கிளம்புகிறவர்களுக்கு முதல் மாதம் ப்ளைவுட்டோடு போய்விடும். அடுத்த மாதம்தான் ஓர் உண்மை உறைக்கும்: இந்த விளையாட்டுகளைச் செய்த புண்ணியவான்கள் யாரும் ஒருவரோடொருவர் கலந்து பேசிக்கொள்ளவே இல்லை. 1980இல் வந்த பாக்-மேனுக்கு நான்கு திசை ஜாய்ஸ்டிக் ஒன்று போதும், ஆட்டத்துக்கென்று பட்டனே கிடையாது. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, ஆளுக்கு எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கும் ஆறு பட்டனும் கேட்கிறது. சென்டிபீடுக்கு உருட்டுப் பந்து வேண்டும். ஆர்க்கனாய்டுக்குத் திருகுகிற குமிழ் வேண்டும். ரோபோட்ரான் 2084 ஒரே ஆளின் இரண்டு கைக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக் கேட்கிறது. க்யூபர்ட்டுக்கு ஜாய்ஸ்டிக்கை 45 டிகிரி திருப்பிப் பொருத்த வேண்டும். டிராக் அண்ட் ஃபீல்டோ, ஜாய்ஸ்டிக்கே வேண்டாம், பட்டனைக் குத்து, நான் ஓடுகிறேன் என்கிறது. இவ்வளவையும் ஒரே பலகையில் ஏற்றுகிற ஒரு கட்சி உண்டு. அந்தப் பலகை வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வராது. வந்தாலும், பட்டனைத் தேடுகிற கை பந்தை உருட்டிவிடும். அதனால் விளையாட்டுக்கு ஏற்ப பலகையைக் கழற்றி மாட்டுவது என்று அறிவுள்ள கட்சி முடிவெடுத்தது. அந்தக் கட்சியில் நானும் உறுப்பினன். ஆனால் கட்சிக்குள் ஒரு சண்டை இருக்கிறது. கழற்றி மாட்டுவதென்றால் ஒயரை எங்காவது வெட்டித்தானே ஆக வேண்டும். எங்கே வெட்டுவது?

கணக்கைப் பாருங்கள். இரண்டு பேர் ஆடும் பலகையில் ஜாய்ஸ்டிக்குகளுக்கு எட்டு ஸ்விட்ச், பட்டன்களுக்குப் பன்னிரண்டு, ஸ்டார்ட் இரண்டு, காசு போட்டதாகப் பாவனை செய்ய இரண்டு. ஆக 24. எல்லா ஸ்விட்சுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் சேர்த்தால் 25. பழைய கம்ப்யூட்டரில் பிரின்டரை மாட்டிய கனெக்டருக்கும் சரியாக 25 பின். இந்தப் பொருத்தத்தைக் கண்டதும் பத்துப் பொருத்தமும் கூடிவந்ததாக எண்ணிப் பலர் அங்கேயே கழுத்தை நீட்டிவிடுகிறார்கள். பட்டன் அழுத்தலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருகிற என்கோடர் போர்டைப் பெட்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்திவிட்டு, பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே 25 ஒயரை வெட்டி, கனெக்டர் போட்டுச் சேர்க்கிறார்கள். நான் சொல்வது நேர்மாறு: ஒவ்வொரு பலகையின் வயிற்றுக்குள்ளும் அதற்கென்று ஒரு என்கோடர் இருக்கட்டும். பலகையை விட்டு வெளியே வருவது ஒரு யுஎஸ்பி கேபிள் மட்டும். அதில் ஒயர் நான்கே நான்கு. மூளை பலகையிலே இருக்க வேண்டும். மூட்டு மந்தமாக இருக்க வேண்டும்.

இதற்குச் சாட்சி தேடி ஜப்பானுக்கோ கலிஃபோர்னியாவுக்கோ போக வேண்டியதில்லை. கொல்கத்தாவில் ஹூக்ளியின் கீழ்க்கரையில், மட்டியாபுருஜ் தையற்காரர்களுக்குப் பக்கத்தில், கார்டன் ரீச் இருக்கிறது. கழற்றி மாட்டும் விவகாரத்தில் ஊறிய பேட்டை அது. 1884இல் ஆற்றுக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறையாகத் தொடங்கி, 1960இல் இந்திய அரசின் கைக்கு வந்து, அடுத்த ஆண்டே ஐஎன்எஸ் அஜய் என்ற படகைக் கடற்படைக்குக் கட்டிக் கொடுத்த கப்பல் கட்டும் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. கப்பலோடு நிற்காமல், பெய்லி வகை எஃகுப் பாலங்களையும் அது செய்கிறது. பெய்லி பாலம் என்பது முழுக்க முழுக்கக் கழற்றி மாட்டும் பலகைகளால் ஆனது. அதன் உறுப்புக்குப் பெயரே பேனல்தான். பத்தடி நீளம், ஐந்தடி உயரம், ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் தூக்கலாம், சாதாரண லாரியில் ஏற்றலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டொனால்டு பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வடிவமைத்தது. (சென்டிபீடை எட் லாக்கோடு சேர்ந்து உருவாக்கியவரின் பெயர் டோனா பெய்லி. பேனல்களுக்கும் பெய்லிகளுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம்.) பேனலின் வலுவெல்லாம் பேனலுக்குள்ளேயே, குறுக்கும் நெடுக்குமான எஃகுச் சட்டங்களில் இருக்கிறது. ஒன்றையும் மற்றொன்றையும் சேர்ப்பது வெறும் எஃகு முளை. முளைக்கு எந்தப் புத்திசாலித்தனமும் கிடையாது, துளையில் நுழைந்து உட்காரும், அவ்வளவே. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலம் சரிந்தபோது, சூரல்மலையில் 190 அடிப் பாலத்தை ராணுவத்தின் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் ஆகஸ்ட் 1ஆம் தேதிக்குள் நிறுத்திக் காட்டியது. கொட்டும் மழையில், காட்டாற்றின் நடுவே, முளைக்கு முளை 25 கம்பி பொருத்தம் பார்க்க வேண்டியிருந்தால் இது நடந்திருக்குமா?

அதே கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும் இருக்கிறது. ஹவுராப் பக்கமிருந்து சென்னைக்கு ரயிலேறியவர்கள் எல்லாம் முதல் சில மணி நேரம் அதன் ஆட்சிக்கு உட்பட்டவர்கள்தான். ரயில் பெட்டிகளைவிடக் கழற்றி மாட்டப்படுகிற பொருள் நாட்டில் வேறில்லை. டிரைவர் பிரேக் பிடித்தால் இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகள் சேர்ந்து நிற்க வேண்டும். ஆனால் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே பிரேக்குக்காகப் போவது இரண்டே காற்றுக் குழாய்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் வால்வு என்ற சமாசாரம் ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் தனியாகத் தொங்குகிறது. குழாயில் அழுத்தம் குறைந்ததைத் தானே கவனித்து, தன் பெட்டியின் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்கிறது. 1872இல் வெஸ்டிங்ஹவுஸ் கண்ட வழியின் வாரிசு இது. அதற்கு முந்தைய அவருடைய ஏற்பாட்டில் காற்று முழுக்க என்ஜினிலிருந்தே போக வேண்டும். நடுவில் ஒரு ஹோஸ் கழன்றால் பின்னால் பிரேக்கே கிடையாது. மூளையைப் பெட்டிக்குப் பெட்டி பிரித்துக் கொடுத்த பிறகு ஹோஸ் கழன்றால் வண்டி நிற்கிறது. கப்பல் விஷயத்தை நீட்டவில்லை, ஒன்று மட்டும். இன்றைய கப்பல்களைத் துண்டு துண்டாகக் கட்டி, குழாய்களை உள்ளே பொருத்திய பிறகே துண்டுகளைச் சேர்க்கிறார்கள். ஆனால் நீளமான முக்கிய மின்கேபிள்களைப் பெரும்பாலும் துண்டுகள் சேர்ந்த பின்புதான், நடுவில் வெட்டில்லாமல் இழுப்பார்கள். 25 பின் கனெக்டரால் போர்க்கப்பலின் முன்பாதியைப் பின்பாதியோடு மாட்டலாம் என்ற யோசனை இதுவரை எந்தக் கப்பற்படைக்கும் தோன்றவில்லை.

நம் பெட்டிக்கு வருவோம். 25 ஒயர் மூட்டில் என்னதான் கெட்டுப்போகும்? ஸ்விட்சுகளின் கிரவுண்ட் கால்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடுத்துக்கொண்டே போவதுதான் வழக்கம். கிரவுண்டுக்கென்று மூட்டில் இருப்பது ஒரே பின். அது கொஞ்சம் வளைந்தால் 24 ஸ்விட்சும் ஒரே சமயத்தில் மௌன விரதம். வேறு பின் வளைந்தாலோ, குத்துச்சண்டை வீரர் எல்லா அடியும் அடிப்பார், கீழ்நோக்கிக் குனிய மட்டும் மாட்டார். தப்பு ஸ்விட்சிலா, ஒயரிலா, சால்டரிங்கிலா, கனெக்டரின் ஆண் பக்கமா பெண் பக்கமா என்று மல்டிமீட்டரோடு பெட்டிக்குள் தலையை விட்டுத் தேட வேண்டும். பட்டனுக்குள் விளக்கு எரிய வைக்கும் ஆசையில் அதே கனெக்டரில் 12 வோல்ட்டையும் ஏற்றியவர்கள் உண்டு. ஒரு பின் இடம் மாறினால் ஐந்து வோல்ட் என்கோடருக்குப் பன்னிரண்டு வோல்ட் பிரசாதம். அதன் பிறகு அதை எதோடும் மாட்ட வேண்டியதில்லை. என்கோடர் பலகைக்குள்ளேயே இருந்தால் இந்த ஒயர்கள் எல்லாம் சாண் நீளத்தில் அடங்கிவிடும். ஒரு முறை மாட்டிய பிறகு அவை அசைவதே இல்லை. மைக்ரோஸ்விட்சின் மூன்று கால்களில் தவறான காலில் மாட்டிவிட்டு, யாரும் தொடாமலே விமானம் சுட்டுக்கொண்டே போகிறதா? பலகையை மடியில் வைத்து, ஏதாவது ஒரு லேப்டாப்பில் செருகிக் கண்டுபிடித்துவிடலாம். சமையலறை மிக்ஸி இந்த ஞானத்தை எப்போதோ அடைந்துவிட்டது. பிளேடு ஜாரோடு இருக்கிறது, மோட்டார் அடியில் இருக்கிறது, நடுவில் ஒரு பல் கட்டை. சட்னி ஜாரிலிருந்து மாவு ஜாருக்கு மாற யாரும் வயரிங் படம் பார்ப்பதில்லை.

எதிர்க்கட்சி சும்மா இருக்காது. பலகைக்கு ஒரு என்கோடர் என்றால் செலவு எகிறுமே என்பது முதல் வாதம். ஒரு காலத்தில் நியாயமான வாதம்தான். 2021இல் ராஸ்பெர்ரி பை பிகோ நான்கு டாலருக்கு வந்தபோதே அது செத்துவிட்டது. அந்தச் சின்ன போர்டில் நாம் பயன்படுத்தக்கூடிய பின்கள் 26, நம் தேவை 24. நல்ல 25 பின் கனெக்டர் ஜோடி, அதற்கு மூடி, 25 கால்களையும் இரண்டு பக்கமும் சால்டர் செய்யும் ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் கூட்டினால் எது மலிவு என்று தெரிந்துவிடும். யுஎஸ்பி வழியாகப் போனால் தாமதமாகும் என்பது அடுத்தது. விநாடிக்கு அறுபது முறை படம் மாறுகிற திரையில் ஒரு படம் நிற்பது ஏறக்குறைய 17 மில்லி விநாடி. ஒழுங்கான என்கோடர் ஒரு மில்லி விநாடிக்கு ஒரு முறை பதில் சொல்கிறது. தோற்றதற்கு வேறு காரணம் தேடிக்கொள்ளுங்கள். பலகையை மாற்றினால் கம்ப்யூட்டர் முதல் ஆளையும் இரண்டாம் ஆளையும் குழப்பிவிடும் என்பதில் மட்டும் உண்மை உண்டு. ஒரே மாதிரி இரண்டு என்கோடர்கள் செருகினால் எது முதலில் விழித்ததோ அது முதல் ஆள் ஆகிவிடும். பரிகாரமும் உண்டு: என்கோடரைக் கீபோர்டு மாதிரி நடக்கச் சொல்லிவிடலாம். 1997இல் தொடங்கிய மாமே என்ற மென்பொருள்தான் பழைய ஆட்டங்களை இன்றும் ஓட வைக்கிறது. அதில் எண் 1 என்றால் ஸ்டார்ட், 5 என்றால் காசு என்று முன்னிருப்பாகவே இருக்கிறது. எல்லாப் பலகைகளும் அதே எழுத்துகளை அனுப்பினால் குழப்பம் எங்கே வரும்?

கெட்டிக்கார எதிராளி ஜம்மாவைக் கூப்பிடுவார். 1985இல் ஜம்மா என்ற ஜப்பானிய ஆர்கேட் தொழில் சங்கம் 56 முனைக் கனெக்டர் ஒன்றைத் தரப்படுத்தியது; உலகமெங்கும் பெட்டிகள் அதை நம்பித்தான் பிழைத்தன. கொத்தாக ஒயரை வெட்டித்தானே ஒரு தொழிலே நடந்தது? நடந்தது. ஆனால் அவர்கள் மாற்றியது ஆட்டத்தின் போர்டை. பலகை பெட்டியோடு அப்படியே நின்றது. நம்முடையது தலைகீழ். அதைவிட முக்கியம், ஒயர்களின் எண்ணிக்கையை ஒரு மூட்டில் நிலைநாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஜம்மாவே சாட்சி. ஆளுக்கு மூன்று பட்டனுக்கு வழி செய்து அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஆறாண்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்து ஆறு பட்டன் கேட்டது. உதைகளுக்கு மட்டும் தனியாக இன்னொரு ஒயர்க் கொத்து பக்கவாட்டில் தொங்கவிட நேர்ந்தது. இன்று 25 பின்னில் எல்லாம் சரியாக அடங்கிவிட்டதென்று மகிழ்கிறவர் நாளை உருட்டுப் பந்து வாங்குவார். அதற்கு இரண்டு அச்சுக்கும் சேர்த்து நான்கு சிக்னல், மேலே ஐந்து வோல்ட், கிரவுண்ட். அவருடைய கனெக்டரில் ஒரு பின்னும் மிச்சமில்லை.

கடைசி வாதம்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது பாதி உண்மை: மாற்றுவதற்கென்றே செய்ததை யாரும் மாற்றுவதில்லை. அமெரிக்கக் கடற்படை கடலோரப் போருக்கென்று ஒரு வகைக் கப்பல் கட்டியது. கண்ணிவெடி தேட ஒரு தொகுதி, நீர்மூழ்கி வேட்டைக்கு ஒரு தொகுதி, படகுகளோடு மோத ஒரு தொகுதி. வேண்டியதைத் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். 2016இல், ஒரு கப்பலுக்கு ஒரு வேலை, இனி மாற்றுவதில்லை என்று முடிவு செய்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்தும் பலகையை மாற்றாதவர்கள் அவர்கள். ஆனால் டென்மார்க்கின் சின்னக் கடற்படை 1980களில் ஒரே அளவுப் பெட்டிகளில் ஆயுதங்களை அடக்கி, கிரேன் வைத்து அரை மணி நேரத்தில் எடுத்து இன்னொன்றை இறக்கியது. பிறகு சோதனைக்குச் சில மணி நேரம், அவ்வளவே. அந்தப் பெட்டிகளை ஒரு வகைக் கப்பலிலிருந்து இன்னொரு வகைக்கும் மாற்றினார்கள். மாற்றும் நேரம் ஆடுகிறவரின் பொறுமையைவிடக் குறைவாக இருந்தால்தான் மாற்றம் நடக்கும். பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, 25 பின்னை நேர் பார்த்து, இரண்டு பக்கமும் குட்டித் திருகாணியை முடுக்குவதற்குள் விருந்தாளி காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதனால் அந்த வீட்டில் பலகை மாறாது. மாறாததற்குக் காரணம் மனித இயல்பில்லை, மூட்டு. இரண்டு பக்கமும் பெட்டித் தாழ்ப்பாள், நடுவில் ஒரு யுஎஸ்பி என்றால் ஐந்து வயதுக் குழந்தையே சென்டிபீடிலிருந்து பாக்-மேனுக்கு மாற்றிக்கொள்ளும். சாதாரண யுஎஸ்பி முனை 1500 முறை செருகத் தாங்கும்படி வகுக்கப்பட்டது. தினம் ஒரு தரம் மாற்றினாலும் நான்கு ஆண்டு. அதற்குப் பயப்படுகிறவர்கள் முனையில் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிளைப் பலியாடாகப் போட்டுவைக்கலாம்.

ஏற்கெனவே 25 பின் கனெக்டர் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம், பழைய பிரின்டர் வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும். இனித் தொடங்குகிறவர்கள் முதலில் பாக்-மேன் பலகையைச் செய்யுங்கள். ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு ஸ்டார்ட், ஒரு காசு பட்டன், ஆக ஆறு ஸ்விட்ச். ஜாய்ஸ்டிக் நான்கு திசைதானா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் பாக்-மேன் முக்கில் திரும்ப மறுப்பார், அதற்கு எந்த ஒயரிங்கும் உதவாது.