மூக்கணாங்கயிறு

வாய்யா மருமகனே, திண்ணையில உக்காரு. தூணுல மட்டும் சாஞ்சிராத. நீ கண்ணசந்தா எதுத்த வீட்டு நாய் எந்திருச்சு ஓடும்.

உம் பொண்டாட்டி சொல்லிட்டுப் போச்சு. மூச்சு மிஷின மூணு ராத்திரி மாட்டுனியாம், நாலாம் நாள் பரணுக்கு ஏத்திட்டியாம். சரிதான். உஞ்செவலைக் கன்னுக்கு மூக்குக் குத்துனப்ப எத்தன நாள் மண்டைய ஆட்டுச்சு? மூணாம் நாள் கயித்த அறுத்தா விட்ட? கன்னுக்கு ஒரு மாசம் குடுத்தவன், சொந்த மூக்குக்கு மூணே நாளா?

மணிக்கு 34 தடவ மூச்சு நிக்கிறதும் கொறையிறதுமா இருக்குன்னு உன் சீட்டுல இருந்துச்சே. 30 தொட்டாலே முத்துனதுன்னுதான் கணக்கு. தூக்கத்துல தொண்டைச் சதை தளந்து வழிய அடைக்குது. மிஷின் காத்த ஊதி அந்த வழிய விரிச்சு வைக்கிது. ஆக்சிஜன்னு ஊருக்குள்ள பயமுறுத்துறானுக. அது நம்ம வீட்டுக் காத்துதாய்யா!

நீ குடுத்து வச்சவன். 1980-ல சிட்னியில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் இத ஆரம்பிச்சப்ப, தூசி உறிஞ்சுற மிஷினோட மோட்டாரத்தான் மாட்டி ஓட்டுனாரு. மாஸ்க்க ராத்திரிக்கு ராத்திரி பசை போட்டு மூக்குல ஒட்டணும். உனக்கு வார் இருக்கு, இழுத்து மாட்டுனா முடிஞ்சது.

பகல்ல டிவி பாக்குறப்ப அரை மணி நேரம் ஓடவிட்டு மாட்டிக்கிட்டு உக்காரு. சீரியல்ல மாமியா கத்துற கத்துல மாஸ்க் இருக்கதே மறந்துரும். வார மாட்டுக்கு இறுக்குறாப்புல இறுக்காத, கன்னத்துல தடம் விழும். படுத்துக்கிட்டு, காத்து ஓடுறப்பவே சரி பண்ணு. எடுத்த எடுப்புல வேகம் தாங்கலையா, மெதுவா ஆரம்பிச்சு ஏத்துற வசதி அதுலயே இருக்கு. அழுத்தத்த நீயாத் திருகாத, அது டாக்டர் வேலை. வாய் காஞ்சா ஈரத் தொட்டிய மாட்டு, டிஸ்டில்டு தண்ணி ஊத்து. நம்மூரு போர்த்தண்ணிய ஊத்துன, உள்ள உப்பளம் போட்டுரலாம். பெறகு அந்த மீசை... அய்யனாரே பொறாமப்படுவாரு, அது வழியாத்தான் காத்து கசியுது. வழிக்க மனசில்லைன்னா மூக்குத் தொளையில உக்கார்ற சின்ன மாஸ்க் கேளு.

தெனம் மாட்டுறேன்னு டாக்டர்ட்டப் புளுகாத. எத்தன மணி ஓடுச்சுன்னு எழுதி வைக்க உள்ளுக்குள்ள ஒரு கணக்குப்பிள்ள இருக்கான். என்னய அவந்தான் காட்டிக் குடுத்தான்.

ஆமாய்யா, எனக்கும் ரெண்டு வருசமா இருக்கு. மொத நாள் அந்தக் குழாயோட பாத்துட்டு உங்க அத்தை தோப்புக்கரணம் போட்டா. வெள்ளிக்கிழமை வேற. குறட்டை நின்ன பெறகு அவளுக்குத் தூக்கம் போச்சு, நடுச்சாமத்துல என் நெஞ்சத் தொட்டு மூச்சு இருக்கான்னு பாப்பா. இப்பப் பழகிட்டா.

பொழுது சாயிறதுக்குள்ள மிஷினப் பரண்லருந்து எறக்கு. ஏணி எங்க தொழுவத்துலதான் கெடக்கு.